ஹன்னாவின் விலாசம் எனக்குத் தெரியும்

ஜெபா,

நீ பெங்களூரிலிருந்து கூரியரில் அனுப்பிய கவர் வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நீயும் தினம் போன் செய்து "சைன் பண்ணிட்டியாம்மா?" என்று கேட்கிறாய். நானும் "பண்றேன்டா, பண்றேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பண்ணவில்லை. அந்தக் கவரை முதலில் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். சோறு இறங்கவில்லை. எடுத்து பீரோவுக்குள் வைத்தேன். புடவை எடுக்கப் போனால் முறைத்தது. இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அதுவும் சரிப்படவில்லை, பால் எடுக்கவே மனசில்லை. காலையில் ஏரியை ஒரு சுற்று சுற்றுகிறவள் இப்போது மூன்று சுற்று போகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆண்ட்டி, சுகர் வந்துடுச்சா? இப்படி நடக்கறீங்க?" என்று கேட்கிறாள். சுகர் இல்லை அம்மா, என் மகன் வந்திருக்கிறான் கவரில், என்று அவளிடம் சொல்ல முடியுமா?

போனில் உன்னிடம் இதைப் பேச முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் "ஓவரா யோசிக்காதம்மா" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினதை நடுவில் வெட்ட முடியாது, கிழித்தால்தான் உண்டு. கிழிப்பதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

உன் கவரில் இரண்டு காகிதம். ஒன்று, ஹன்னா மேல் நீ போடப்போகும் விவாகரத்து வழக்கில் உனக்குப் பதிலாக நான் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிற அதிகாரப் பத்திரம். போகட்டும். இரண்டாவது, நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். அதில் ஒன்பதாவது பாராவில் இப்படி இருக்கிறது: "எதிர்மனுதாரர் ஜெர்மனியில் தற்போது வசிக்கும் விலாசம் மனுதாரருக்கோ, அவருடைய தாயாருக்கோ தெரியாது." தெரியாதாமே! போன கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பிய கார்டில், வீடு மாறிவிட்டேன் அம்மா, இனி இங்கே எழுதுங்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டிருந்தாள். அதை பைபிள் உறைக்குள் வைத்திருக்கிறேன். உனக்கு அது தெரியும். தெரிந்ததனால்தானே போன மாதம் வந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டே, "யாராவது கேட்டா உனக்கு ஒண்ணும் தெரியாது, சரியாம்மா?" என்றாய்? நானும் தலையை ஆட்டினேன். எனக்கு அறிவு எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கேள். நான் போட்டுக்கொண்டிருக்கும் இந்த மூக்குக்கண்ணாடி, ஹன்னா, தான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் எனக்காகச் செய்து அனுப்பியது. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் அவள் விலாசம் எனக்குத் தெரியாது என்ற வரியைப் படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ அவளோடு வாழ்ந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒட்டாததைப் பசை போட்டு ஒட்டுகிற வயசு எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. உன் ஆபீஸில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாய், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கோவிலில் கல்யாணம் நடத்த மாட்டார்கள், அதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்றாய். சரி. அந்தப் பெண்ணையும் நான் குறை சொல்லவில்லை. நீ பிரிவதா வேண்டாமா என்பது உன் பாடு. ஆனால் அது ஹன்னாவுக்குத் தெரிந்து நடக்க வேண்டும். தெரியாமல் நடக்க என் கையெழுத்து வேண்டுமென்றால், அது கிடைக்காது.

உன் வக்கீலை நான் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறாரே, அவர்தான். கவரை அவர் மேஜையில் வைத்து, "இந்த ஒன்பதாவது பாரா பொய்யாச்சே சார்" என்றேன். மனுஷன் சிரித்தார். "மேடம், இதெல்லாம் ரொட்டீன். அட்ரஸ் தெரியலன்னு போட்டா பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுக்கச் சொல்வாங்க. குடுத்துருவோம். அங்க எவ தமிழ் பேப்பர் படிக்கப்போறா? வரமாட்டாங்க. எக்ஸ்பார்ட்டி, அவங்க இல்லாமலே ஆர்டர். முடிஞ்சுது." எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய பேப்பர்வெயிட்டை எடுத்திருப்பேன். "வேற வழியே இல்லியா சார்? நேர் வழி?" என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் இழுக்கும் என்று சலித்துக்கொண்டே சொன்னார். நான் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கறந்தேன். மின்விசிறி கூட சுற்றாத அந்த அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டதை உனக்குச் சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் சம்மதித்துச் சேர்ந்தே மனுப் போடலாமாம். கிறிஸ்தவர்களான நம்மவர்களுக்கு அதற்கு இரண்டு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டுமாம். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஆறு மாதம். அவள் விமானம் ஏறி வர வேண்டும் என்று கூட இல்லை, அங்கே நம் தூதரகத்தில் கையெழுத்தை உறுதி செய்து ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தால் ஏற்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அது வேண்டாமென்றால் அவளே அங்கே உள்ள கோர்ட்டில் கேட்கலாம். நீ நோட்டீஸை வாங்கி, வக்கீல் வைத்து, சம்மதம் என்று அங்கே பதில் சொன்னால் அந்த உத்தரவு இங்கேயும் நிற்கும். நீ காதில் வாங்காதவன் மாதிரி இருந்து அவள் மட்டும் வாங்கினால் இங்கே சிக்கல். இரண்டும் ஒத்துவராவிட்டால் இங்கேயே வழக்குப் போட்டு, அவளுடைய சரியான விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, அவள் சொல்வதையும் கோர்ட் கேட்டு, பிறகு முடிவு. "அப்போ இந்த விளம்பர வழில போனா? அவ பின்னாடி தெரிஞ்சுகிட்டு வந்தா?" என்றேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, "வந்து, என்கிட்ட மறைச்சுட்டாங்கன்னு சொன்னா, ஆர்டரை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம்தான். ஆனா எங்க மேடம் வரப்போறாங்க" என்றார். கேட்டுக்கொண்டாயா? நீ லெந்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு வருகிற பெண்ணின் தலைக்கு மேல் அந்த ரத்து தொங்கும். ஒரு பெண்ணுக்குப் பண்ணுவது போதாதென்று இரண்டு பெண்களுக்குப் பண்ணப்போகிறாய்.

இதற்கெல்லாம் விதை போட்டவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஜெர்மனியில் இருந்தபோது அங்கே டவுன் ஹாலில் நீங்கள் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினபோது உன் அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். நான்தான் இரண்டு நாள் அழுதேன். வெள்ளைக்காரி என்பதற்காக இல்லை. மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், மோதிரமும் தாலியும் இல்லாமல், அது என்ன கல்யாணம்? இங்கே வந்து மறுபடி முறையாகச் செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஏற்கெனவே கல்யாணமானவர்கள் என்று தெரிந்தால் பாஸ்டர் வெறும் ஆசீர்வாத ஜெபம் மட்டும்தான் செய்வார் என்று யாரோ சொன்னார்கள். அதனால் அவர் கேட்டபோது, "இல்லீங்க பாஸ்டர், ஒண்ணும் ஆகல" என்று சொன்னது யார்? நான். ரிஜிஸ்தரில் உன்னை மணமாகாதவன் என்றும் அவளை மணமாகாதவள் என்றும் எழுதினார்கள். ஹன்னா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "வீ ஆர் மேரீட், நோ?" என்று உன்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்தாய். நான், "சும்மா ஒரு ஃபார்ம்தான்னு சொல்லுடா" என்றேன். போன வாரம் நீ போனில் என்னிடம் என்ன சொன்னாய்? "சும்மா ஒரு ஃபார்ம்தான்மா, சைன் பண்ணு." அந்த வார்த்தையை நீ வேறு எங்கும் கற்கவில்லை, என் வாயிலிருந்துதான் எடுத்தாய். நான் ஆசைப்பட்டு நடத்தின அந்தக் கோவில் கல்யாணத்தினால்தான் இன்றைக்கு இந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போட முடிகிறது என்று உன் வக்கீல் விளக்கினார்.

வக்கீல் மேஜையில் நான் பார்த்த மனுவில் ஹன்னா உன்னைக் கொடுமைப்படுத்தினாள் என்று எழுதியிருக்கிறது. கொடுமையாம்! அப்பாவுக்கு முடியாமல் போனபோது நீ ஒரு மாத லீவில் வந்தாய். அவர் போன பிறகு, "இருடா, இன்னும் ஒரு மாசம் இரு" என்று உன்னைப் பிடித்து வைத்தவள் நான். அந்த ஒரு மாசம்தான் நீண்டது. நீ சோழிங்கநல்லூரில் வேலை தேடிக்கொண்டாய், அவளிடம் கேட்காமலே. அவள் தன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இங்கே வந்து நான்கு மாதம் இருந்தாள். வேலை கேட்டுக் கண்ணாடிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கடைக்காரன் அவளிடம் வாசலில் நின்று சிரித்தால் போதும், சம்பளம் தருகிறேன் என்றானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அந்த மழைக்கு ஏரித் தண்ணீர் நம் தெருவுக்குள் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஆபீஸ் போனில் மாடியில் கத்திக்கொண்டிருந்தாய். அவளும் நானும்தான் முழங்கால் தண்ணீரில் ஃபிரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தோம். "ஒன், டூ, அம்மா!" என்று எண்ணினாள். மூன்று வரவில்லை, அம்மாதான் வந்தது. அந்த ஃபிரிட்ஜ் மேல்தான் உன் கவர் இருக்கிறது.

அவள் ஒன்றும் தேவதை இல்லை. கதவைத் தட்டாமல் உங்கள் அறைக்குள் நான் வந்தேன் என்று என்னைச் சத்தம் போட்டிருக்கிறாள். மூன்று நாள் நானும் அவளும் பேசவில்லை. அந்த மூன்று நாளில் உன்னிடம் அவளைப் பற்றி நான் என்னென்ன வத்தி வைத்தேன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவள் திரும்பிப் போகும்போது ஈஸ்டருக்கு வந்துவிடுகிறேன் என்று ஏர்போர்ட்டில் அவள் கையைப் பிடித்துச் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஈஸ்டர் வந்தது. நீ போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இருப்பது எனக்கு நன்றாக இருந்தது ஜெபா. அவ்வளவுதான் காரணம். பிறகு நீயும் பெங்களூருக்குப் போய்விட்டாய், அது வேறு கதை.

இப்போது இதுவரை யாருக்கும், உன் அப்பாவுக்குக் கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தபால் ஆபீஸில் ரிஜிஸ்தர் கவுன்ட்டரில் இருந்த காலம். நீ எல்.கே.ஜி. சேர வேண்டிய வருஷம். நல்ல பள்ளிக்கூடத்தில் உனக்கு சீட் கிடைக்காமல் நாங்கள் அலைந்தபோது, நாம் அப்போது குடியிருந்த தெருவில் ஒரு பெரியவர் யார் யாரையோ பிடித்து வாங்கிக் கொடுத்தார். அவர் மகன் துபாயில் இருந்தான். மருமகள் விமலா, பிறந்த வீட்டில் இருந்தாள். எங்கள் ஆபீஸ் எல்லைக்குள்தான் அந்த வீடு. ஒரு நாள் கோர்ட்டிலிருந்து அவள் பேருக்கு ரிஜிஸ்தர் கவர் வந்தது. அன்றைக்கே பெரியவர் கவுன்ட்டருக்கு வந்து குனிந்து, "அந்தப் பொண்ணு வாங்க மறுத்துட்டான்னு எழுதித் திருப்பி அனுப்பிடும்மா. அவளுக்கு இதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல" என்றார். வாங்க மறுத்தார் என்று உறையில் எழுதித் திரும்பினால் என்ன ஆகும் என்று தபால் ஆபீஸில் தரை பெருக்குகிறவருக்குக் கூடத் தெரியும். நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, அந்த ஆள்தான் திமிராக வரவில்லை என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். தெரிந்தும் தபால்காரர் கன்னியப்பனைக் கூப்பிட்டேன். அவர், "இன்னா மேடம் இது? அந்தப் பொண்ணு வூட்லதான் கீது. காலைல கூடப் பாத்துகினு வந்தேன்" என்றார். "எழுதிடுங்க கன்னியப்பன்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுதினார். அதற்குப் பிறகு ரிடையர் ஆகும் வரைக்கும் அவர் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து விமலாவே கவுன்ட்டருக்கு வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. "மேடம், எனக்குக் கோர்ட்லேருந்து ரிஜிஸ்தர் எதனா வந்துதா? வரும்னு சொல்றாங்க" என்று கேட்டாள். நான் முன்னால் இருந்த புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். "இல்லம்மா. வந்தா குடுத்தனுப்புவோம்" என்றேன். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இல்லாமலே விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. வருஷங்கள் கழித்து அனகாபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன், நெருக்கம். ஜன்னல் ஓரம் இருந்த ஒருத்தி எழுந்து, "மேடம், இங்க உக்காருங்க" என்றாள். விமலா. தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துதான் எழுந்தாள், நான் செய்தது தெரியாமல். நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன் ஜெபா. இரண்டு ஸ்டாப்பிங் தாண்டி இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெரியவர் வாங்கிக் கொடுத்த பள்ளிக்கூட சீட்டில் சேர்ந்து படித்துத்தான் நீ ஜெர்மனி வரைக்கும் போனாய். உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. என் கை எப்படிப்பட்ட கை என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவு தெரிந்தவள் உடனே உன் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள் என்று நினைக்காதே. வெள்ளிக்கிழமை, வக்கீல் செங்கல்பட்டு கோர்ட்டுக்குக் கையெழுத்துப் போட வரச் சொன்ன நாள், நான் கிளம்பிப் போனேன். கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு டிரெயினில் ஏறிவிட்டேன். பெற்ற பிள்ளை கேட்கிறானே, இருப்பது ஒன்றுதானே, நாளைக்கு வயசான காலத்தில் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் எனக்கும் ஓடாமல் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வண்டி நின்றது. எதிர் சீட்டில் இருந்த பெண் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் என் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தாம்பரம் வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். உன்னிடம் வக்கீல் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். அதற்கும் மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்து பூட்டைத் திறக்கும்போதே போன் அடித்தது. ஹன்னா. உடம்பு எப்படி, கண்ணாடி சரியாக இருக்கிறதா, தலைவலி வருகிறதா என்று கேட்டாள். பிறகு தயங்கி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அம்மா, ஜெபா மெயில் ரிப்ளை இல்லை. கோர்ட் பேப்பர் பண்றேன் சொன்னான். நான் வீடு மாத்தினேன் இல்ல? எனக்கு லெட்டர் வந்தா எங்க வரும்? பழைய வீடா? எனக்கு எதாவது லெட்டர் வருமா அம்மா?"

ஆள் வேறு, நாடு வேறு, கேள்வி மட்டும் அதே கேள்வி. முன்னால் புரட்டுவதற்குப் புத்தகம் கூட இல்லை. "வரும் ஹன்னா" என்றேன். "உன் புது வீட்டுக்கே வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ. ஒரு வக்கீலையும் பார்த்து வை. விளங்குதா?" என்றேன். "தேங்க்ஸ் அம்மா" என்றாள்.

அதனால், ஜெபா, நீ என் மேல் கோபப்படு. ஒரு மாதம் பேசாமல் இருப்பாயா, இரு. நான் பார்க்காத கோபமா? ஆனால் கோபம் தணிந்ததும் அவளுக்கு முதலில் நீயே போன் செய். மெயில் வேண்டாம், குரல் கேட்கட்டும். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லி வராததற்கு மன்னிப்புக் கேள். அது வழக்குக்கு உதவாது, இருந்தாலும் கேள். பிறகு சேர்ந்து மனுப் போடுகிறீர்களா, அவள் அங்கே கேட்கட்டும் என்கிறாயா, இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். லெந்து போனால் ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் நடத்த ஞாயிற்றுக்கிழமைகளா இல்லை? உன் ஆபீஸ் பெண்ணிடம் நடந்ததை நடந்தபடி சொல். அவள் ஓடினால் அவளுக்கு நல்ல புத்தி. நின்றால் உனக்கு அதிர்ஷ்டம்.

உன் இரண்டு காகிதத்தையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். இரண்டிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஒன்பதாவது பாராவை மட்டும் அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஹன்னாவின் விலாசத்தை என் கையால் எழுதியிருக்கிறேன். வீட்டு நம்பர், தெரு, பின்கோடு, ஊர், நாடு எல்லாம் கார்டைப் பார்த்து இரண்டு தடவை சரிபார்த்தேன். இதை உனக்கு ஒப்புகை அட்டை வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். வாங்க மறுத்துவிடாதே.

அம்மா